அறுபதுக்குப் பிறகு முகக் கிரீம் வாங்கும் முறை

"இந்த வயதில் என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது?" என்ற பேச்சு பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை நலங்கு மாவு தேய்த்து எண்ணெய் முழுக்குப் போடும் பாட்டியை யாரும் கேலி செய்வதில்லை. அதே பாட்டி சுருக்கம் போக்கும் கிரீம் வாங்கினால் பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கிறார்கள். அதனால் புடவை அடுக்கின் அடியில் டப்பா ஒளிகிறது, மருத்துவரின் காதுக்கும் செய்தி போவதில்லை. கிரீமைவிட இந்த ஒளிவுமறைவுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

ஆகவே, வாங்கப் போகும்போது கண் நன்றாகத் தெரியும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். டப்பாவை வெளிச்சத்தில் திருப்பி, என், ஓ, டி (NOT) என்னும் எழுத்துகளில் தொடங்கும், அழகுப்பொருளுக்கான அறிவிப்பு எண்ணைத் தேடுங்கள். (உள்ளுக்குச் சாப்பிடும் பாரம்பரிய மருந்தென்றால் எம், ஏ, எல் (MAL) எனத் தொடங்கி டி (T) என முடியும் பதிவெண் இருக்கவேண்டும்.) மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் (NPRA) இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வரும், பெயர் பொருந்தாவிட்டால் வாங்கவேண்டாம். எண் இருப்பதாலேயே யாரோ முன்கூட்டிச் சோதித்துவிட்டார்கள் என்று பொருளல்ல. அது பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம் தரும் உறுதிமொழி மட்டுமே. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகிய, அழகுக் கிரீமில் சேர்க்கக்கூடாத பொருள்கள் பின்னர் கண்டறியப்பட்டு, அறிவிப்பு ரத்தான கிரீம்கள் உண்டு.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும், உட்பொருள் பட்டியலே இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். "தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது" என்று எழுதியிருந்தால், அது பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும் வாசகம். பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாட்டியின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சும் குழந்தையின் மேலும் ஒட்டும்.

எண் சரியாக இருந்தாலும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு மூன்று நாள் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். முதுமையில் தோல் மெலிந்து வறண்டிருப்பதால், வாசனையில்லாத சாதாரண ஈரப்பசைக் கிரீமே பெரும்பாலும் போதும். சுருக்கத்துக்கும் கரும்புள்ளிக்கும் வெயிலின் பங்கு பெரிது. காலை நடைக்குக் கிளம்புமுன் எஸ்பிஎஃப் 30 உள்ள வெயில் தடுப்புக் கிரீமும் குடையும் விலையுயர்ந்த டப்பாவைவிட அதிகம் உதவும்.

ஏற்கெனவே சந்தேகமான கிரீம் பூசியிருந்தால் உடனே நிறுத்துங்கள். டப்பாவைக் கழுவிக் கொட்டாமல், இறுக மூடிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அடுத்த முறை இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரைக்குக் கிளினிக் போகும்போது மருத்துவரிடம் காட்டி, எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.