கால்சியம் மாத்திரை இருக்கட்டும், காலையில் என்ன சாப்பிட்டாள்?

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்குக் காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். இருட்டு முழுசாகப் பிரிந்திருக்காது. அதற்குள் இருபது முப்பது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். என் தங்கை மகளும் அவர்களில் ஒருத்தி. வயது பதினாறு, 1500 மீட்டர் ஓடுகிறவள்.

போன வருஷம் ஒரு போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்றாள். "ஓடுத பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான செய்யும்" என்று வீட்டில் தைலம் தேய்த்தார்கள். வலி நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. சரி, சுளுக்குத்தான் என்று மறுபடி ஓடவிட்டார்கள். பத்தாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் எலும்பில் மயிரிழைக் கீறல். விழவில்லை, அடிபடவில்லை, ஓடி ஓடியே வந்த கீறல்.

வீட்டில் எல்லோரும் கால்சியம், கால்சியம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது வேறு: "மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?" என் தங்கை "வருது டாக்டர்" என்றாள். பிள்ளை தரையைப் பார்த்தது. அஞ்சு மாசமாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னிடம் ஒருநாள் சொல்லியிருந்தாள்: "இப்பல்லாம் வாறதே இல்ல பெரியம்மா, நல்லதாப் போச்சு, பிராக்டிசுக்கு லீவு போட வேண்டாம்." நானும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் அந்தத் தவறு என்னுடையது.

கடுங்காப்பியோடு கிளம்புவது

அவள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்ததை ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். நாலே முக்காலுக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. ஐந்தரையிலிருந்து ஏழேகால் வரை ஓட்டம். வீட்டுக்கு வந்து குளித்து, நின்றுகொண்டே இரண்டு இட்லி. பஸ் வந்துவிட்டால் அதுவும் இல்லை. மத்தியானம் டப்பாவில் எலுமிச்சைச் சோறு, பாதி திரும்பி வரும். நாலரைக்கு மறுபடி மைதானம், அதற்கு முன்னால் டீயும் பிஸ்கட்டும். ராத்திரி மூன்று தோசை. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் சுமார் 1400 கலோரி தேறியது. அந்த வயதுப் பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிற அளவு ஒரு நாளைக்கு 2500 கலோரி.

ஓட்டத்துக்கு ஆகிற செலவை ஓரளவு கணக்குப் போடலாம். கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கலோரி போகும். 46 கிலோ பிள்ளை பத்து கிலோமீட்டர் ஓடினால் 460 கலோரி. ஒன்பது இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1400-இல் 460 போனால் மிச்சம் 940. இதயம், மூளை, வளர்த்தி, படிப்பு எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். விளையாட்டு மருத்துவத்தில் இந்த மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுத்துப் பார்ப்பார்கள். கிலோவுக்கு 45 கலோரி இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே இறங்கினால் ஹார்மோன்கள் தடுமாறும். இவளுக்கு 25 வந்தது. 30 என்ற கோடு வளர்ந்த பெண்களிடம் அளந்து போட்டது. வளர்கிற பிள்ளைக்கு இன்னும் தாராளமாகவே வேண்டும்.

சாப்பாடு போதாதபோது உடம்பு சிக்கனம் பிடிக்கும். உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாததை முதலில் நிறுத்தும். மாதவிடாய் அதில் ஒன்று, புது எலும்பு கட்டுவது இன்னொன்று. இதற்கு வருஷக்கணக்கில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இளம் பெண்களை ஐந்தே நாள் குறைத்துச் சாப்பிட வைத்து ரத்தத்தில் அளந்தபோதே எலும்பு கட்டும் வேலை மந்தமானது தெரிந்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பேர் வைத்தது. செலவுக்கேற்ற சாப்பாடு இல்லாத ஆட்டக்காரரின் உடம்பு என்று பொருள். ஒல்லியாக இருந்தால்தான் வரும் என்பதில்லை. எடை மாறாமலே இந்த நிலையில் இருக்கிற பிள்ளைகள் உண்டு, அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது.

அவளிடம் முதலில் மாற்றியது காலை நாலே முக்கால் மணியைத்தான். ஒரு வாழைப்பழமும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்றும். வயிறு கனக்காது, ஓடவும் தடை இல்லை. ஓடி முடித்ததும் ஸ்டேடியத்திலேயே சாப்பிட இன்னொரு டப்பா. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பஸ்தான் ஜெயிக்கும்.

நின்றுபோனதை நல்லதாக எடுத்துக்கொள்வது

நம் பக்கத்தில் பிள்ளை வயசுக்கு வந்தால் என்ன பாடு! உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, கருப்பட்டி சேர்த்து, "இடுப்பெலும்பு உறுதியாகும், தின்னுட்டி" என்று விரட்டி விரட்டி ஊட்டுவோம். அப்படிப் பதினாறு நாள் எலும்பைப் பற்றி அவ்வளவு பேசின வீட்டில், மூணு வருஷம் கழித்து மாதவிடாய் நின்றுபோனால் ஒருத்தரும் கேட்பதில்லை. "ஓடுத உடம்புல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று மைதானத்திலும் சொல்லிவிடுவார்கள்.

அப்படி இருக்கக் கூடாது. மாதவிடாய் வரவைக்கிற ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பு கரையாமல் பிடித்து வைத்திருக்கிறது. அது இறங்கினால் பதினாறு வயதுப் பிள்ளையின் எலும்பு, மாதவிடாய் நின்றுபோன பாட்டியின் எலும்பைப் போலத் தேய ஆரம்பிக்கும். பதினைந்து முடிந்தும் வயசுக்கு வரவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராவிட்டாலோ டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கருத்தடை மாத்திரை போட்டால் மாசாமாசம் வரும், ஆனால் எலும்புக்குக் கிடைக்காதது கிடைக்காமலேதான் இருக்கும். சாப்பாடு கூடி உடம்பு தானாக வரவைக்க வேண்டும்.

பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கும் சாப்பாடு குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், எலும்பும் மெலியும். ஆனால் வெளியே காட்டிக்கொடுக்கிற அடையாளம் எதுவும் இல்லை. அதோடு திடீரென்று உயரம் கூடுகிற அந்த ஒரு வருஷத்தில் எலும்பு நீளமாகிவிடும், உள்ளே சுண்ணாம்பு சேர்வது பின்னால்தான் வரும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் கீழே விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆயுசுக்கும் சேர்கிற எலும்புச் சத்தில் சுமார் 90 சதவீதம் பெண்பிள்ளைகளுக்குப் பதினெட்டுக்குள்ளும், பையன்களுக்கு இருபதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அதிலும் கால் பங்கு, வேகமாக வளர்கிற இரண்டே வருஷத்தில். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பின்னால் இடம் இருக்காது.

எடை பார்க்கிற நாளுக்காகப் பட்டினி

கபடிக்குப் பேர்போன மண் இது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் மணத்தி கணேசன்; ஆற்றங்கரைக் கிராமங்களில் இன்றைக்கும் பையன்கள் அவர் பேரைச் சொல்லித்தான் களத்தில் இறங்குகிறார்கள். ஆனால் வயதுப் பிரிவு ஆட்டங்களில் எடை வரம்பு உண்டு. எடை பார்ப்பதற்கு நாலைந்து நாள் முன்னால் சோற்றை நிறுத்தி, தண்ணீரையும் நிறுத்தி, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, வாயில் ஊறுகிற எச்சிலைக்கூடத் துப்புகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். குறைவது தண்ணீரும் தசையும். வளர்கிற பையனை மூன்று மாதத்துக்கு முந்தின எடையிலேயே நிறுத்தி வைப்பது, அவனை வளராதே என்று சொல்வதுதான். பயிற்சியாளர் நல்ல மனிதராக இருக்கலாம், இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்தைத் தப்பான இடத்தில் தேடுவது

சாப்பாட்டின் அளவு சரியான பிறகுதான் கால்சியம் பேச்சு. 13 முதல் 15 வயது வரை 1000 மில்லிகிராம், 16 முதல் 18 வரை 1050 என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. அரிசியில் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம் அளவுதான். மூன்று வேளையும் அரிசி என்றால் மிச்சத்தை வேறு எங்காவது பிடிக்க வேண்டும்.

உளுந்தங்களி நல்ல சாப்பாடு. புரதமும் தெம்பும் உண்டு. ஆனால் சுண்ணாம்புச் சத்து அதில் பெரிதாக இல்லை. நல்லெண்ணெயில் சுத்தமாக இல்லை, எள்ளில் இருந்ததெல்லாம் புண்ணாக்கோடு மாட்டுக்குப் போய்விட்டது. நம்முடைய உளுந்தஞ்சோற்றில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், தொட்டுக்கொள்ள வைக்கிற எள்ளுத் துவையலில்தான். எள்ளிலும் தோலில் இருப்பது ஆக்சலேட் என்கிற பொருளோடு பிணைந்திருப்பதால் முழுசும் உடம்பில் ஒட்டாது. இருந்தாலும் விடக் கூடாத சாமான். கீரை விஷயத்திலும் அப்படித்தான். பசலைக்கீரையில் சத்து எழுதியிருக்கும், ஆக்சலேட் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. முருங்கைக்கீரை நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, மரம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது. சாளை மீனையும் நெத்திலியையும் முள்ளோடு மென்று தின்றால்தான் கணக்கில் சேரும். முள்ளை ஒதுக்கிவிட்டால் புரதம் மட்டும்.

ஒரு நாளைக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள். இரண்டு டம்ளர் பால், 400 மில்லி, அதில் 480. ஒரு கிண்ணம் தயிர் 120. ஐம்பது கிராம் கேப்பை மாவில் கூழோ தோசையோ, 180. ஐம்பது கிராம் முருங்கைக்கீரை 150. ஒரு கரண்டி எள்ளுத் துவையல், நூறு. ஆயிரத்தைத் தொட்டாயிற்று, மாத்திரை இல்லாமலே. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கும், வாங்க வசதி இல்லாத வீட்டுக்கும் கேப்பையும் மீனும் கீரையும் கூட வேண்டும், அப்போதும் குறைந்தால் டாக்டர் சொல்லி மாத்திரை போடலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். டீ இரும்புச் சத்தைக் கெடுக்கும், பெண்பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே பற்றாக்குறை.

விடிகாலை ஓட்டம் வெயிலாகாது

"வெயிலிலேயே கிடக்குதா, இவளுக்கு டி சத்து குறையுமா?" என்று என் தங்கையும் கேட்டாள். நெல்லை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அடிக்கிற வெயிலில் தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் அநேகமாக இல்லை. அப்புறம் வகுப்பறை, அப்புறம் ஐந்து மணி வெயில். நிழலைப் பாருங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் வேலை செய்யும். பத்து மணி பீரியடில் கைகால் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் வெளியே நின்றால் போதும், கருத்துப்போகும் என்று பயந்து குடை பிடிக்காமல்.

மருந்துக்கடையில் 60,000 யூனிட் பாக்கெட் கிடைக்கும். வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதுவதைத் தினம் ஒன்று என்று போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடாதீர்கள்.

ஜிம் பொடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டை, பயறு, கடலை, மீன் தின்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை. டப்பாவில் எழுதாத சாமான் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பதக்கம் போய்விடும். தாமிரபரணியில் நீந்தியே வளர்கிற பிள்ளைகளுக்கு ஒன்று: தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. வாரத்தில் இரண்டு நாள் கயிறு தாண்டட்டும்.

வலியை நீவி விடுவது

தசை வலி பரவலாக இருக்கும், உள்ளங்கையை வைத்துத் தடவிக் காட்டுவார்கள். எலும்புக் கீறல் என்றால் ஒரு விரலை வைத்து "இங்கதான்" என்று காட்டுவார்கள். முதலில் ஓடும்போது மட்டும் வரும், அப்புறம் நடக்கும்போது, அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போது. அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கூடுதல் சேதம்தான். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருப்பது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஓடவிடாதீர்கள். இடுப்பு மடிப்பிலோ பாதத்தின் நடுவிலோ விரல் நின்றால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள், அந்த இடங்கள் முழுசாக ஒடிந்தால் ஆபரேஷன் வரை போகும். வேகப்பந்து போடுகிற பையன் கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலி என்றாலும் அப்படித்தான்.

அவளுக்கு எட்டு வாரம் ஓட்டம் இல்லை. அந்த எட்டு வாரமும் சாப்பாட்டைக் குறைக்க அவளே முயன்றாள், ஓடாத உடம்புக்கு எதற்கு என்று. எலும்பு ஒட்டவும் தெம்பு வேண்டும் என்று டாக்டரம்மா அதட்டியபிறகுதான் தட்டு நிறைந்தது. நாலாவது மாதம் மாதவிடாய் வந்தது. போனில் கூப்பிட்டு, "பெரியம்மா, வந்துட்டு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, வைத்துவிட்டாள்.

இப்போது அவள் பையில் தினம் ஆறு கடலைமிட்டாய் போகிறது. இரண்டு அவளுக்கு. மற்றது, கூட ஓடுகிற பிள்ளைகள் கேட்கிறார்களாம்.