கையெழுத்துப் போடும் முன்: கப்பலுக்குப் போகும் நம்ம கரைப் பிள்ளைகளுக்கு

முட்டத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு மாதம் ஒருவனாவது பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து உட்காருவான். "மாமா, ஜாயினிங் வந்திருக்கு, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க." கப்பல் டெக்கில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன், அதில் கடைசி ஆறு வருஷம் போசன், அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவன். ஒக்கிப் புயலுக்குப் பிறகு "மீன்பிடிக்கு வேண்டாம், கப்பலுக்குப் போ" என்று பிள்ளைகளை அனுப்பும் அம்மாமார்களை எனக்குத் தெரியும். கப்பல் என்றால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். பயம் அங்கே வேறு இடத்தில் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு காகிதத்துக்கு அடியில்.

முதல் கையெழுத்து கரையிலேயே. ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். எண் கேள். கப்பலுக்கு ஆள் எடுக்க மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கொடுக்கும் உரிமம் அது. அவர்களுடைய தளத்தில் அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்று நீயே பார், ஏஜென்ட் காட்டும் போட்டோவை நம்பாதே. வேலை வாங்கித் தர உன்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 அப்படித்தான் சொல்கிறது. இந்தியா அதை 2015-இல் ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்னும் கடலோடிப் புத்தகம், மெடிக்கல் செலவு உன்னுடையதாக இருக்கலாம், விசா செலவு முதலாளியுடையது. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் மூன்று லட்சம் கட்டி, சுற்றுலா விசாவில் போய், கப்பலையே பார்க்காமல் திரும்பி வந்தான். அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது.

ஒப்பந்தத்தில் கப்பல் பெயரோடு அந்தக் கப்பலுக்கே உரிய ஏழு இலக்க அடையாள எண், ஐ.எம்.ஓ. எண், இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டு. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். 9074729 என்றால் 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139, கடைசி 9, சரியாக வருகிறது. வராவிட்டால் எழுந்து வந்துவிடு. வந்தாலும் எண்ணின் கணக்கு சரி என்று மட்டும்தான் அர்த்தம், எண் நிஜம் என்றோ ஏஜென்ட் நல்லவன் என்றோ இல்லை. நீயும் முதலாளி தரப்பும் கையெழுத்திட்ட அசல் பிரதி ஒன்று உன் பெட்டியில் இருக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயம் எல்லாரும் சொல்வதுதான். நாலு அடிப்படைப் பாதுகாப்பு கோர்ஸ், அதில் உயிர் பிழைத்தலும் தீயணைப்பும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மெடிக்கல் அதிகபட்சம் இரண்டு வருஷம். தேதியைப் பார்த்துக்கொள், போதும்.

கப்பலில் ஏறிய அன்றே ஒரு ஃபெமிலியரைசேஷன் தாளை, அதாவது கப்பலைச் சுற்றிக் காட்டியதற்கான தாளை, நீட்டுவார்கள். முப்பது கட்டங்கள் இருக்கும், தேர்ட் மேட் (மூன்றாம் அதிகாரி) அவசரத்தில் இருப்பார், நீயும் பயணக் களைப்பில் இருப்பாய். "டிக் பண்ணு, நாளைக்குக் காட்டுறேன்" என்பார். பண்ணாதே. குறைந்தது மூன்றை அன்றைக்கே பார்த்துவிடு: ஆபத்து நேரத்தில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் மஸ்டர் லிஸ்டில் உன் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது, உன் லைஃப்போட் எந்தப் பக்கம், உன் லைஃப் ஜாக்கெட்டில் விசிலும் விளக்கும் இருக்கிறதா. பிறகு கேபினிலிருந்து லைஃப்போட் வரை ஒரு தடவை கண்ணை மூடிச் சுவரைத் தடவிக்கொண்டு நட. புகையில் அப்படித்தான் போக வேண்டியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் உடம்பைக் காக்கும் இமெர்ஷன் சூட்டை மற்றவன் உதவி இல்லாமல் இரண்டு நிமிஷத்தில் மாட்ட முடிகிறதா என்றும் பார்.

நம்ம பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வீம்பு உண்டு. "பாறையிலயிருந்து சாடி வளந்தவனுக்கு நீச்சலா சொல்லிக்குடுக்கப் போறிய?" லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து குதிப்பது வேறு வேலை மக்கா. ஜாக்கெட்டைப் பிடிக்காமல் சாடினால் தண்ணீர் பட்டதும் ஜாக்கெட் மேலே அடித்துத் தாடையைப் பெயர்த்துவிடும். ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்து, மற்றக் கையைக் குறுக்கே போட்டு ஜாக்கெட்டைக் கீழே அழுத்திப் பிடி. நேரே பார்த்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வை, சாடாதே.

மாதத்துக்கு ஒரு தடவையாவது லைஃப்போட் ட்ரில்லும் (ஒத்திகை) தீ ட்ரில்லும் நீ செய்திருக்க வேண்டும். கால்வாசிக்கு மேல் ஆட்கள் புதிது என்றால் துறைமுகம் விட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தணும். நடக்காத ட்ரில்லுக்கு மெஸ் ரூமில் கையெழுத்துக்குத் தாள் சுற்றி வரும். நானும் ஆரம்பத்தில் போட்டிருக்கிறேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஓய்வு நேரப் பதிவும் அப்படித்தான். எந்த 24 மணி நேரத்திலும் பத்து மணி நேரம், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு. பத்தை இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக் கூடாது, அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்கணும். ராத்திரி இரண்டு மணிக்கு மூரிங் (கப்பலைக் கயிற்றால் கட்டுவது), விடிந்தால் சரக்கு ஏற்றும் ஹோல்டு கழுவல் என்று போன வாரத்திலும் தாளில் எல்லாம் அழகாக எட்டு முதல் ஐந்து என்று இருக்கும். பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வை. கூப்பிட்ட நேரம், விட்ட நேரம், துறைமுகம், கடிகாரம் மாற்றிய நாள். மாதக் கடைசியில் ஒப்பிட்டுப் பார். பொருந்தாவிட்டால் முதலில் போசனிடம், பிறகு சீஃப் மேட்டிடம் (டெக்கின் தலைமை அதிகாரி) மரியாதையாகச் சொல். உன் பிரதியைக் கேட்டு வாங்கு, அது உன் உரிமை. துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர் அந்தத் தாளை லாக் புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பார்.

இனி நான் அதிகம் பேசும் காகிதம்: மூடிய இடத்துக்குள் இறங்கும் பெர்மிட். ஒரு பல்க் கேரியரில் நான் ஏபியாக (டெக் மாலுமியாக) இருந்தபோது நங்கூரச் சங்கிலி கிடக்கும் செயின் லாக்கரில் சேறு அள்ளச் சொன்னார்கள். பெர்மிட்டில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அப்போதைய போசன் ஒரு கோவாக்காரர், அதிகம் பேசமாட்டார். மீட்டரை வாங்கி, அதன் குழாயைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டார். வாசலில் 20.8. பாதியில் 19 சொச்சம், மீட்டர் கத்தத் தொடங்கியது. அடியில், நான் நின்று அள்ள வேண்டிய இடத்தில், 16. எதுவும் மணக்கவில்லை, கண் எரியவில்லை. வெறும் ஈரச் சங்கிலி. துரு பிடிக்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரத்தடி, இரும்புத் துகள் ஏற்றிய ஹோல்டும் அதன் ஏணிவழியும் இதே கதைதான். காற்றடிக்கும் ப்ளோயரைப் போட்டு அரை நாள் கழித்துத்தான் இறங்கினோம்.

ஆகவே மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்து அளவையும் உன் கண்ணால் பார். குழாய் நீளம் என்றால் காற்று மீட்டருக்கு ஏறி வரக் காத்திரு. 21-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், 19.5-இல் "பரவாயில்லை" என்பது கிடையாது. வாசலில் ரேடியோவோடு ஒருவன் நிற்கணும், அவனுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. உள்ளே ஒருவன் விழுந்தால் நீ குதிக்காதே, அலாரத்தை அடி. கடலில் விழுந்தவனைப் பார்த்ததும் சாடிப் பழகிய நமக்கு இதுதான் ஆகக் கஷ்டம், காப்பாற்றப் போனவனும் பக்கத்திலேயே விழுவான். தப்பி ஓடுவதற்காக வைத்திருக்கும் பத்து நிமிஷ மூச்சுப் பெட்டியை மாட்டிக்கொண்டும் இறங்காதே, அது வெளியே வர மட்டும்.

"சீஃப் மேட் ஏசுனா என்ன மாமா செய்ய?" என்பான் பையன். ஏசுவார். எதிர்த்துப் பேச வேண்டாம், ஒரே வாக்கியம்: "சார், அடியில உள்ள ரீடிங்க எனக்கும் ஒருக்கா காட்டுங்க, பாத்துட்டு சைன் பண்றேன்." ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதிக் கொடுத்து, திண்ணையிலேயே சத்தமாகச் சொல்லச் சொல்வேன். முதல் தடவை எல்லாருக்கும் குரல் உள்ளே போகும். இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன்.