'டீடூர்' பார்க்கும் முறை: ஒரு தடவை போதாது

எட்கர் ஜி. உல்மர் 1945-இல் இயக்கிய 'டீடூர்' 68 நிமிடப் படம். மலிவான செட், நம்பச் சிரமமான தற்செயல்கள். அப்படியும் பார்த்தவரை லேசில் விடாது. ஏன் என்று பிடிபட இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

முதலில் நல்ல பிரதி. அமெரிக்காவில் காப்புரிமை இல்லாததால் இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் கீறல் விழுந்து வெளிறியவை. இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியாது. 2018-இல் சீரமைத்த 4கே பிரதியைத் தேடுங்கள். டிவியில் பட விகிதத்தை 4:3 என்று வைத்து, இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும் என்று விடுங்கள். திரை முழுக்க இழுத்தால் நடிகை ஆன் சாவேஜின் கூர்மையான முகம் அகன்று, அவர் நடிக்கும் வீரா என்ற பெண்ணின் மிரட்டல் பாதி போய்விடும். அவள் படபடவென்று பேசுவாள், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நிறுத்தாமல், ஆல் ராபர்ட்ஸின் குரலோடு போங்கள். காதலியைத் தேடி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு லிஃப்ட் கேட்டுப் போகும் பியானோக்காரன். உணவகத்தில் அவன் நினைவுகூரத் தொடங்கும் இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: சுற்றிலும் வெளிச்சம் குறையும், கண்களின் மேல் மட்டும் ஒரு கீற்று நிற்கும், முன்னால் காபிக் குவளை பூதாகரமாகத் தெரியும். அங்கிருந்து எல்லாமே அவன் வாக்குமூலம்.

இரண்டாம் தடவை ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவன் சொல்வது, வலப்பக்கம் அவன் செய்வது. கார்க் கதவைத் திறந்ததும், அவனுக்கு லிஃப்ட் கொடுத்த ஹாஸ்கெல் சரிந்து விழுந்து தலை கல்லில் மோதுகிறது. போலீஸ் நம்பாது, எல்லாம் விதி என்கிறான் ஆல். வலப்பக்கம் என்ன எழுதுவீர்கள்? பணம், உடை, கார், செத்தவன் பெயர்: அத்தனையும் எடுத்துக்கொண்டான். கொன்றானா இல்லையா என்று தீர்ப்பு எழுத முயலாதீர்கள். வேறு சாட்சியே இல்லை. படத்தின் பிடி அதில்தான் இருக்கிறது.

வறுமை கைகொடுத்த இடங்களும் உண்டு. நியூயார்க் தெருவுக்கு செட் போடப் பணமில்லாமல் பனிமூட்டத்தை நிரப்பினார்கள். காதலர்களின் எதிர்காலமே மங்கியதுபோல் ஆகிவிட்டது. லிஃப்ட் காட்சிகள் சில இடவலம் மாறியவை: டிரைவர் வலப்பக்கம் இருப்பார். நம் ஊர் கார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்தாது, கவனித்துப் பாருங்கள்.

கடைசியில் போலீஸ் கார் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குற்றவாளி தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. ஆனால் ஆலின் குரல் சொல்வது 'என்றாவது ஒரு நாள்' என்று. அப்படியானால் அந்தக் கைது நடந்ததா, அவன் கற்பனையா?