பாய் பேண்ட் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க், வெஸ்ட்லைஃப் மாதிரி பாய் பேண்ட், அதாவது சேர்ந்து பாடி ஆடும் பையன்களின் குழு என்றாலே "அது ஸ்கூல் பிள்ளைங்க பாட்டு" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒரு கூட்டம். தொண்ணூறுகளில் கேபிள் டிவியில் எம்டிவியும் சேனல் வியும் பார்த்த நினைவில் உருகுகிறவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் பாட்டைக் கேட்கவே இல்லை, இரண்டாவது கூட்டம் பாட்டு ஓடும்போது தன்னுடைய பதினாறு வயதைத்தான் கேட்கிறது. இந்தக் குழுக்களின் உயிர் இருப்பது குரல்களில். நாலைந்து குரல்களை எங்கே பிரிக்கிறார்கள், எங்கே சேர்க்கிறார்கள், யாருக்கு எந்த வரியைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பிடித்துவிட்டால், இத்தனை வருஷம் கழித்தும் இவர்களுக்கு அரங்கம் ஏன் நிறைகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்குப் போக எனக்குத் தெரிந்த வழி இது.

முதலில் வீடியோவை மூடுங்கள்

யூடியூபில் தேடினாலும் சரி, ஸ்பாட்டிஃபையில் தேடினாலும் சரி, முதல் தடவை படம் வேண்டாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இயர்போன் மாட்டிக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடிக்குரல் பாடுகிறவர் காணாமலே போய்விடுவார், அவர் போனால் பாதி ஹார்மனி, அதாவது வேறு வேறு சுரத்தில் குரல்கள் சேர்ந்து ஒலிப்பது, போன மாதிரி.

நமக்கு இதில் ஒரு சின்னப் பழக்கக் கோளாறு உண்டு. சினிமாப் பாட்டில் பெரும்பாலும் ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், பின்னால் கோரஸ் என்று கேட்டு வளர்ந்த காது, தானாகவே ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகும். பாய் பேண்ட் பாட்டில் நாலு நிமிஷத்துக்குள் ஐந்து பேர் மாறி மாறி முன்னால் வருவார்கள், பின்னால் நிற்பவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். அதனால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு ஆளைத் துரத்திக்கொண்டு.

ஒரு பாட்டை முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம்

தொடங்குவதற்கு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் "ஐ வான்ட் இட் தட் வே"யை விட நல்ல பாட்டு கிடையாது. 1999இல் வந்தது. கிட்டார் மெதுவாக விரலால் மீட்டத் தொடங்கும், முதல் வரியைப் பிரையன் லிட்ரெல் எடுப்பார். கென்டக்கியில் சர்ச்சில் பாடி வளர்ந்தவர், குரலில் அந்தத் தெளிவு இருக்கும், எழுத்தெழுத்தாகக் கேட்கும். அடுத்த வரிகள் நிக் கார்ட்டருக்கு. குழுவிலேயே சின்னவர், 1993இல் சேரும்போது 13 வயது. இந்தப் பாட்டில் இன்னும் இருபதைத் தொடாத பையனின் குரல், கொஞ்சம் மூக்கு வழியாக வரும், பிரையனின் சுத்தத்துக்குப் பக்கத்தில் அது லேசாகக் காயம்பட்ட மாதிரி இருக்கும்.

பல்லவி முடிந்து இரண்டாவது சரணம் ஏ.ஜே. மெக்லேனிடம் போகிறது. முதல் சரணத்தின் மெட்டுதான், ஏறக்குறைய அதே சொற்கள்தான், ஆனால் இப்போது கேள்வியாகத் திரும்பி வருகிறது, அதைக் கரகரப்பான குரலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பிரையனே பாடியிருந்தால் அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்திருக்காது. அதன்பின் பாட்டு தணிந்து வேறு பாதைக்குப் போகிற இடத்தில் கெவின் ரிச்சர்ட்சனும் ஹவி டொரோவும் வருகிறார்கள், ஒருவர் அடிக்குரல், இன்னொருவர் மேல்ஸ்தாயி. கடைசிப் பல்லவி சுருதி ஒரு படி மேலே ஏறி வரும். ஏறும் அந்த நொடியை இரண்டு மூன்று முறை பின்னால் தள்ளிக் கேளுங்கள், உடம்பு சொல்லிவிடும்.

இந்தப் பாட்டின் வரிகளைச் சேர்த்துப் படித்தால் அர்த்தம் ஒட்டாது. அவர்களுக்கும் அது தெரியும். அர்த்தம் தெளிவாக இருக்கும்படி வேறு வரிகள் போட்டு ஒரு வடிவம் பதிவு செய்தும் பார்த்தார்கள், கடைசியில் குழுவினர் பழையதையே வைத்துக்கொண்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எழுதிய மாக்ஸ் மார்ட்டினும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும் ஸ்வீடன்காரர்கள், அவர்களுக்குச் சொல்லின் சத்தம் மெட்டில் சரியாக உட்கார வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும் பங்கு ஸ்டாக்ஹோமில் கைரோன் என்ற ஸ்டுடியோவில் தயாரானது. அதை நடத்திய டெனிஸ் பாப் ஒரு டிஜே, 1998இல் 35 வயதில் இறந்துபோனார். அவர் வளர்த்துவிட்ட மாக்ஸ் மார்ட்டின் அதற்குமுன் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை பேண்டில் பாடிக்கொண்டிருந்தவர். டான்ஸ் பாட்டின் தாளம், மெட்டலின் பெரிய கோரஸ், அதற்கு மேல் அமெரிக்க சோல் இசையிலிருந்து வந்த குரல் அடுக்கு என்று இந்த மூன்றும் சேர்ந்த இடத்தை இந்தப் பாட்டில் காதாலேயே தொட்டுப் பார்க்கலாம். இந்தப் பாட்டு இருந்த "மில்லேனியம்" ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்தில் மட்டும் 11 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அலங்காரமெல்லாம் கழற்றினாலும் நிற்குமா என்று சந்தேகமிருந்தால், 2018இல் அமெரிக்க டிவியில் ஜிம்மி ஃபாலன் நிகழ்ச்சியில் இதே பாட்டை இதே ஐந்து பேரும் பள்ளிக்கூடக் குழந்தைகள் வாசிக்கும் வாத்தியங்களை வைத்துக்கொண்டு பாடியதைத் தேடிப் பாருங்கள். நிற்கிறது.

அப்புறம் மூலத்துக்குப் போங்கள்

இந்தக் குரல் அடுக்கு வெள்ளைக்காரப் பையன்கள் கண்டுபிடித்ததில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பாய் பேண்ட் கேட்பது அரைகுறை. பிலடெல்ஃபியாவின் கறுப்பினக் குழுவான பாய்ஸ் டூ மென் நாலு பேரும் கலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1992இல் "எண்ட் ஆஃப் தி ரோட்" 13 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அதைப் போட்டு முதலில் மைக்கேல் மெக்கேரியின் அடிக்குரலை மட்டும் பின்தொடருங்கள், நடுவில் அவர் பாடாமல் பேசுவார். அதைக் கேட்டுவிட்டு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் மெதுவான பாட்டு எதையாவது போட்டால், யாரிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள் என்பது உடனே தெரியும்.

இன்னும் பின்னால் போனால் பாஸ்டன். மாரிஸ் ஸ்டார் என்ற தயாரிப்பாளர் எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ எடிஷன் என்ற கறுப்பினப் பையன்களின் குழுவை மேலே கொண்டுவந்தார், அவர்கள் அவரை விட்டுப் பிரிந்ததும் அதே வழியில் வெள்ளையினப் பையன்களை வைத்து நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்கை உருவாக்கினார். 1990 வாக்கில் உலகமே பைத்தியமாக இருந்தது நியூ கிட்ஸ் மேல். நியூ எடிஷனுக்கு அந்த அளவு பணமும் பேரும் கிடைக்கவில்லை. இரண்டு குழுவின் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், யாருடைய பாட்டு காதில் தங்குகிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். என் ஓட்டு நியூ எடிஷனுக்கு.

இப்போது வீடியோ, ஆனால் சத்தமில்லாமல்

என்சிங்கின் "பை பை பை", 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. முதலில் மியூட் செய்து பாருங்கள். ஐந்து பேரும் கயிறு கட்டிய பொம்மைகளாகத் தொங்குகிறார்கள், ஒரு பெண் கயிற்றை அறுத்துவிடுகிறாள், ஓட்டம் தொடங்குகிறது. டேரன் ஹென்சன் அமைத்த நடனத்தில் பல்லவிக்கு வருகிற அந்தக் கையசைவைக் கவனியுங்கள், பேசும் வாய்போல விரல்கள் திறந்து மூடும். எந்த வீட்டுப் பிள்ளையும் கண்ணாடி முன்னால் நின்று பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். பார்க்கிறவர்களும் கூடவே ஆட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த எளிமை அது. 2024இல் ஒரு பெரிய ஹாலிவுட் படம் இதே பாட்டோடும் இதே ஆட்டத்தோடும் தொடங்கியபோது, பாட்டு வந்தபோது பிறந்தே இராதவர்களும் ஆடினார்கள்.

கயிறு அறுபடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது தெரிந்தால் வீடியோ வேறு மாதிரி தெரியும். ஆர்லாண்டோவில் லூ பேர்ல்மன் என்றொரு ஆள் விமான வாடகைத் தொழில் நடத்திவந்தார். நியூ கிட்ஸ் தன்னிடம் விமானம் வாடகைக்கு எடுப்பதைப் பார்த்து, பாட்டில் இவ்வளவு பணமா என்று வியந்து, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து பேக்ஸ்ட்ரீட் பாய்ஸைத் தொடங்கினார். பிறகு என்சிங்கும் அவர் கைக்கு வந்தது. ஒப்பந்தப்படி அவர் தன்னையும் குழுவின் இன்னொரு உறுப்பினராகக் கணக்கில் சேர்த்து அந்தப் பங்கையும் எடுத்துக்கொண்டார். இரண்டு குழுவும் நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தன. வெளியே வந்ததும் என்சிங்க் போட்ட ஆல்பத்தின் பெயர் "நோ ஸ்டிரிங்ஸ் அட்டாச்டு", கயிறு எதுவும் கட்டவில்லை என்று அர்த்தம், முதல் வாரத்தில் 24 லட்சம் பிரதிகள், அந்தச் சாதனையை 2015இல் பாடகி அடெல்தான் உடைத்தார். பேர்ல்மன் முப்பது கோடி டாலருக்கும் மேல் மோசடி செய்த வழக்கில் 2008இல் 25 வருஷத் தண்டனை பெற்று, 2016இல் சிறையிலேயே இறந்தார். "கம்பெனி செய்த பொம்மைகள்" என்று இந்தப் பையன்களைச் சொல்கிறவர்கள், அந்தப் பொம்மைகள் கம்பெனியை எதிர்த்து வழக்குப் போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு சத்தத்தோடு பாருங்கள். என்சிங்கில் முன்னால் நிற்பது ஜஸ்டின் டிம்பர்லேக்கும் ஜே.சி. ஷாசேயும், ஆனால் மேலே கிறிஸ் கர்க்பேட்ரிக்கின் கள்ளக்குரலும் (ஃபால்செட்டோ) கீழே லான்ஸ் பாஸின் அடிக்குரலும் இல்லாமல் அந்தக் கட்டடம் நிற்காது. இவர்கள் வாத்தியமே இல்லாமல் பாடிய பழைய பதிவுகள் நிறைய இணையத்தில் கிடைக்கின்றன, "இவங்களுக்கு நிஜமாவே பாட வருமா" என்று கேட்கிறவருக்கு அதில் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.

வெஸ்ட்லைஃப் பற்றிச் சுருக்கமாக: அயர்லாந்துக் குழு, பிரிட்டனில் அவர்கள் தனியாக வெளியிட்ட முதல் ஏழு பாட்டும் (சிங்கிள்) முதலிடம். ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்து, சுருதி ஏறுகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து எழுந்து நிற்பார்கள். கிண்டல் செய்வதற்கென்றே பலர் இதைச் சொல்வார்கள், ஆனால் பாட்டில் சுருதி மாற்றம் எங்கே என்று தெரியாதவர்களுக்கும் அதைக் கண்ணாலேயே காட்டிக்கொடுக்கிற வித்தை அது.

கூட்டத்தின் சத்தத்தையும் கேளுங்கள்

நேரடி நிகழ்ச்சிப் பதிவு ஒன்றாவது கேட்காமல் இந்தப் பாடம் முடியாது. ஸ்டுடியோப் பதிவில் இல்லாத இன்னொரு குரல் அங்கே இருக்கிறது, ரசிகைகளின் குரல். 1996 பிப்ரவரியில் மான்செஸ்டரின் டேக் தட் குழு பிரிகிறது என்று அறிவித்தபோது, பிரிட்டனில் மனமுடைந்த பெண் பிள்ளைகளுக்காகத் தொலைபேசி உதவி எண்கள் வைக்க வேண்டியிருந்தது. இதை வேடிக்கைச் செய்தியாகவே இன்றுவரை எழுதுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. கிரிக்கெட்டில் தோற்றதற்கு டிவியை உடைத்தால் அது ஆர்வம், பதினாலு வயதுப் பெண் பாட்டுக்காக அழுதால் அது பைத்தியமா? பீட்டில்ஸை முதலில் கொண்டாடியதும் இதே வயதுப் பெண்கள்தான். டேக் தட் திரும்பச் சேர்ந்து 2011இல் வெம்பிளியில் எட்டு இரவுகள் பாடினார்கள், வந்தவர்களில் பெரும் பகுதி அதே பெண்கள், இப்போது குடும்பத்தோடு.

வீட்டில் கொரியக் குழு பிடிஎஸ் கேட்கிற பிள்ளை இருந்தால் உங்கள் வேலை இன்னும் சுலபம். கொரியாவில் லீ சூ மான் 1996இல் எச்.ஓ.டி. என்ற ஐந்து பேர் குழுவைக் கொண்டுவந்ததிலிருந்து தொடரும் வரிசை அது, அவர் எண்பதுகளில் அமெரிக்காவில் படிக்கும்போது எம்டிவி பார்த்தவர். கே-பாப் என்கிற கொரியப் பாப்பில் யார் முதன்மைப் பாடகர், யார் ராப், யார் நடனம் என்று பொறுப்புகளுக்குப் பெயரே இருப்பதால், நான் மேலே சொன்ன துரத்திக் கேட்கும் வித்தை அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். அவளிடம் ஒரு பாட்டுக் கேட்டு வாங்குங்கள், பதிலுக்கு ஒன்று கொடுங்கள்.

கடைசியாக, நீங்களே பாடிப் பாருங்கள்

மூன்று பேர் போதும். போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றைப் போட்டு எல்லோருக்கும் ஒத்துவரும் சுருதியைப் பிடியுங்கள். ஒருவர் ஸ பிடித்து நிற்கட்டும், இரண்டாமவர் க, மூன்றாமவர் ப. அசையாமல் நாலு மூச்சு பிடித்தால் மூன்றும் சேர்ந்து ஒன்றாகக் கேட்கும் ஒரு கணம் வரும். அது வந்தபிறகு முதல் ஆள் ஸ, ரி, க என்று மெதுவாக ஏற, இரண்டாவது ஆள் கூடவே க, ம, ப என்று ஏற வேண்டும். இரண்டாவது குரல்காரர் தன்னையறியாமல் மெட்டுக்கே வழுக்கி வந்துவிடுவார், எல்லோருக்கும் நடப்பதுதான், ஒரு காதை மூடிக்கொண்டு பாடச் சொல்லுங்கள். அது சரியானதும் ஒரு பல்லவியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டுப் பாடுகிறவர் குரலை அடக்க வேண்டும், நல்லாப் பாடுகிறவர்களுக்கு இதுதான் கஷ்டம், ஆனால் அவர் அடங்கினால்தான் மற்ற இரண்டும் மேலே வரும். அடிக்குரல் இருக்கிற ஆளை நாலாவதாகச் சேர்த்து, அவரை ஸ-வை மட்டும் கீழ்ஸ்தாயியில் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குங்கள்.