சீரற்ற வடிவங்களுக்கு வழுவழுப்பான வளைபரப்பு அமைக்கும் முறை

கேட் (CAD) எனப்படும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் பெட்டி, உருளை, தகடு என்று வரைந்து பழகியவர்கள், முதன்முறையாக ஒரு கணினி மவுஸின் மேலோட்டை வரைய உட்காரும்போது திணறிப் போகிறார்கள். வலது உள்ளங்கைக்கென்றே அமைந்த மவுஸில் இடமும் வலமும் ஒத்திருப்பதில்லை; கட்டைவிரல் பதியும் பக்கம் உள்வாங்கியும், மறுபக்கம் சரிந்தும், விளிம்பு ஒரே தளத்தில் நில்லாமல் ஏறி இறங்கியும் இருக்கும். அந்த விளிம்பைச் சுற்றி வரைந்துவிட்டு, நடுப்பகுதியை நிரப்பும் பொறுப்பை மென்பொருளிடம் விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பரப்பு உருவாகத்தான் செய்யும். வெளிச்சம் பட்டால் கசங்கிய துணி போலத் தெரியும்.

இதற்குக் காரணம் பரப்பின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. இம்மென்பொருள்கள் பயன்படுத்தும் நர்ப்ஸ் பரப்பு, தறியில் பாவும் ஊடும் போல இரண்டு திசைகளில் ஓடும் கோடுகளால் ஆனது. ஆகவே அது இயல்பில் நான்கு பக்கம் கொண்டது. மூன்று பக்க எல்லைக்குள் அதைத் திணித்தால் ஒரு பக்கம் புள்ளியாகச் சுருங்கி, கோடுகளெல்லாம் அங்கே குவிந்து, பரப்பு கிள்ளியது போல் ஆகிவிடும். சட்டையின் வடிவத்திலேயே யாரும் துணி நெய்வதில்லை. அகலமாக நெய்துவிட்டு, வேண்டிய வடிவத்தில் வெட்டிக்கொள்கிறோம். இங்கும் தேவையைவிடப் பெரிய நான்கு பக்கப் பரப்பை முதலில் அமைத்து, சீரற்ற விளிம்பைப் பிறகு வெட்டி எடுப்பதே வழி.

கீழே வரும் கட்டளைப் பெயர்கள் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் உள்ளவை. ரைனோ போன்ற மற்றவற்றிலும் இவற்றுக்கு இணையானவை உண்டு.

வளைகோடுகளிலிருந்து தொடங்குங்கள். மவுஸின் முதுகெலும்பு போல முன்னிருந்து பின்னாக ஓடும் கோடு ஒன்றும், அதைக் குறுக்கே கடக்கும் மூன்று கோடுகளும் பெரும்பாலும் போதும். ஸ்ப்லைன், அதாவது சில புள்ளிகள் வழியே ஓடும் வளைகோடு, வரையும்போது புள்ளிகளைக் குவிக்காதீர்கள். அந்தச் சொல்லே கப்பல் கட்டுவோர் வளைத்துப் பிடித்த மெல்லிய மரப்பட்டையைக் குறித்தது. அதை ஈயக் கட்டிகளால் அழுத்தி நிறுத்தினார்கள். கட்டிகள் குறையக் குறைய வளைவு சீராக வரும் என்பது அவர்கள் அறிந்த பாடம், திரையிலும் அதுவே உண்மை. வளைவின் அளவைச் சீப்பு வடிவில் காட்டும் கர்வேச்சர் கோம்பை இயக்கிப் பாருங்கள்: கோட்டின் மேல் நிற்கும் சீப்புப் பற்கள் படிப்படியாக உயர்ந்து தாழ வேண்டும், திடீரென்று துள்ளினாலோ, எதிர்பாராத இடத்தில் மறுபக்கம் புரண்டாலோ ஒரு புள்ளியை நீக்கிவிடுங்கள். கோட்டில் இருக்கும் குறையைப் பரப்பு ஒருபோதும் மறைக்காது, பெரிதாக்கித்தான் காட்டும்.

குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் முதுகுக் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும். கண்ணுக்குத் தொட்டது போலிருந்தால் போதாது, ஒரு புள்ளியை இன்னொரு கோட்டோடு பிணைக்கும் பியர்ஸ் உறவைக் கொடுத்து உறுதி செய்யுங்கள். பிறகு பவுண்டரி சர்ஃபேஸ் கட்டளையில் ஒரு திசைக்கு முதுகுக் கோட்டையும் மறு திசைக்குக் குறுக்குக் கோடுகளையும் தேர்ந்தெடுங்கள். கோடுகளை முன்னரே உண்மையான விளிம்பைத் தாண்டி 10 மி.மீ. அளவுக்கு நீட்டி வரைந்திருந்தால், வெட்டுவதற்குத் தாராளமாக இடமிருக்கும்.

கட்டைவிரல் பக்கத்தை இதே முறையில் தனிப் பரப்பாக அமையுங்கள். இனி இரண்டையும் இணைப்பதுதான் உண்மையான வேலை. வெட்டிக்கொள்ளும் விளிம்பில் ஃபில்லெட் (கூர்விளிம்பை உருட்டும் கட்டளை) போட்டு முடித்துவிடத் தோன்றும். வழக்கமான ஃபில்லெட் ஒரு வட்ட வில். அது பக்கத்துப் பரப்பைத் தொடுகோட்டளவில், அதாவது திசை மட்டும் ஒத்துப்போகும்படி, சந்திப்பதால், வளைவின் அளவு அந்த எல்லையில் சட்டென மாறி, பளபளப்பான பிளாஸ்டிக்கில் ஒரு கோடாகத் தெரியும். அதற்குப் பதிலாக இரண்டு பரப்புகளையும் சற்றுப் பின்வாங்கி வெட்டி, நடுவில் 8 முதல் 12 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியை இன்னொரு பவுண்டரி சர்ஃபேஸால் பாலம் போல நிரப்பி, இரு முனைகளிலும் 'கர்வேச்சர் டு ஃபேஸ்' என்ற தேர்வைக் கொடுங்கள். திசையோடு வளைவின் அளவும் எல்லையில் ஒத்துப்போகும் இதைத்தான் ஜி-2 தொடர்ச்சி என்கிறார்கள். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் பாலம் புடைத்துக்கொள்ளும். அப்போது எண்களோடு போராடாமல் இன்னும் பின்வாங்கி வெட்டுவதே நல்லது.

பாலத்தின் முனைகளில் மூன்று அல்லது ஐந்து பக்கத் துளை மிஞ்சலாம். ஃபில் சர்ஃபேஸ் கட்டளை அதற்குத்தான். சிறிய மூலைக்கு அது பொருந்தும், முழு ஓட்டுக்கு அல்ல.

பரப்பின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பிரதிபலித்துக் காட்டும் ஜீப்ரா ஸ்ட்ரைப்ஸை இயக்கி மாதிரியைச் சுழற்றிப் பாருங்கள். எல்லையில் பட்டைகள் விலகி நின்றால் பரப்புகள் விளிம்பில் மட்டுமே தொடுகின்றன; சந்தித்தும் மூலையாக ஒடிந்தால் தொடுகோட்டுத் தொடர்ச்சி மட்டும் இருக்கிறது; வழிந்தோடினால் வேலை சரி.

கடைசியாக நிட் கட்டளையால் பரப்புகளைத் தைத்து, திக்கன் கட்டளையால் உட்பக்கமாக 2 மி.மீ. தடிமன் கொடுங்கள். இது தோல்வியடைந்தால் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் பரப்பின் வளைவு ஆரம் 2 மி.மீட்டரைவிடக் குறைந்திருக்கும். செக் கட்டளை மிகச்சிறிய ஆரம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அது நீங்கள் அவசரத்தில் நிரப்பிய மூலையாகவே இருக்கும். பொத்தான்களுக்கும் சக்கரத்துக்குமான வெட்டுகளைத் தடிமன் கொடுத்த பிறகே செய்யுங்கள்.