முயலின் வாலடியில் புழுக்கை ஒட்டிக்கொண்டால்

முயலை முழுசாகக் குளிப்பாட்டாதீர்கள், பயத்திலேயே துவண்டுவிடும். ஒட்டிய இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, இளகியதும் துடைத்து, ரோமத்தின் அடிவரை காயவையுங்கள். சென்னை வியாசர்பாடிப் புழுக்கத்தில் ஈரம் நின்றால் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் இரண்டு வேளை வாலடியைப் பாருங்கள்.

காரணம் பெரும்பாலும் தீனிதான்: கேரட், பிஸ்கட், சோறு அதிகம், புல் குறைவு. கழுவி ஈரம் வடித்த அருகம்புல்லோ காய்ந்த புல்லோ எந்நேரமும் இருக்கட்டும்.

10-12 மணி நேரம் தின்னாமல், புழுக்கையும் போடாமல் கிடந்தால் குடல் ஓட்டம் நின்றுபோகிறது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வியாசர்பாடிக்குப் பக்கம்தானே. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப்பைப் புகட்டவே கூடாது. குடலின் நல்ல பாக்டீரியா செத்து, முயலும் செத்துப்போகலாம்.