முருங்கைப் போத்து: துளிர்த்ததும் ஏமாறாதீர்கள்

முருங்கைக் கிளையை ஒடித்து எங்கே நட்டாலும் வரும் என்பார்கள். பாதிதான் உண்மை. இப்படி நடுவதற்காக வெட்டிய கிளைக்குத்தான் போத்து என்று பெயர். நட்ட சில வாரங்களில் போத்து முழுக்கத் துளிர்விடும். வீடே சந்தோஷப்படும். அப்புறம் ஒரு நாள் துளிரெல்லாம் தொங்கிப்போய்க் கருகும். "தண்ணி பத்தல" என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம். பிடுங்கிப் பார்த்தால் அடிப்பக்கம் அழுகியிருக்கும், ஒரு வேர்கூட இருக்காது.

துளிரைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. வெட்டிய கிளைக்குள் மாவுச்சத்தும் ஈரமும் சேமிப்பாக இருக்கின்றன. மொட்டு விரிய அதுவே போதும், வேர் தேவையில்லை. மண்ணில் நடாமல் வேலியோரம் சாத்திவைத்த கிளைகூடத் துளிர்க்கிறதே!

வேர் வரும் கதை வேறு. வெட்டுவாயில் காயம் ஆறும்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வெளிர்நிறத்தில் ஒரு தடிப்பு திரளும். இதையே வேர் என்று நினைப்பவர்களும் உண்டு. இது வெறும் காயத்திசு. மொட்டுகளிலும் இளந்துளிர்களிலும் உருவாகும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கி அடிமுனையில் சேர்கிறது. அதன் தூண்டுதலால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்திசுவை ஒட்டிய செல்கள் சில வேர்முனைகளாக மாறி, பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இலைகள் நிறைய விரிந்துவிட்டால், அவை ஆவியாக விடும் நீரை ஈடுகட்ட ஆளில்லை. அதனால் மேலே இரண்டு மூன்று துளிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மொத்தத்தையும் கிள்ளினால் ஆக்ஸின் வரத்தும் குறையும்.

வேர் வந்ததா என்று ஆட்டிப் பார்ப்பது, கொஞ்சம் தூக்கிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். புது வேர் அந்த அசைவிலேயே முறிந்துவிடும். காற்றில் ஆடினாலும் இதே கதிதான், ஒரு முட்டுக்கம்பு கட்டிவிடுங்கள். உச்சிவெயிலிலும் இலை தொங்காமல் நின்று, அடுத்தடுத்துப் புது இலை வந்துகொண்டே இருந்தால் கீழே வேலை நடக்கிறது என்று நம்பலாம்.

அடுத்தது தண்ணீர். வேர் இல்லாத கிளை அதிகம் குடிக்காது. ஆனால் வேர் உருவாகும் செல்களுக்குக் காற்று வேண்டும். சேறாகக் கிடக்கும் மண்ணில் காற்று ஏது? முருங்கைக்கட்டை பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பதால் சீக்கிரம் அழுகும். வெட்டிய உடனே நடாமல் இரண்டு மூன்று நாள் நிழலில் கிடத்தி வெட்டுவாயை உலரவிடுவது நல்லது. குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஈரம் இருந்தால் போதும். களிமண் நிலமென்றால் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணி வேண்டாம், அது கரையானை வரவழைக்கும்.

மேல்முனையில் மட்டும் சாணி உதவும். அங்கே மழைநீர் இறங்கினால் கட்டை மேலிருந்தே அழுகும். அதனால்தான் ஊரில் மேல்வெட்டில் சாணியை அப்பி விடுகிறார்கள். வெட்டிய கையோடு அப்பிவிட்டால் எது மேல், எது கீழ் என்ற குழப்பமும் வராது. இலை கழித்துக் கட்டிவைத்த கிளைகளில் தலைகீழாக நட்டுவிடுவது சுலபம். தாவரம் தன் மேல்கீழை மறப்பதில்லை. ஜெர்மனியின் தாவரவியலாளர் ஹெர்மன் ஃபோக்டிங் 1878-இல் வில்லோ மரக்குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோதும், மரத்தில் இருந்தபோது கீழாக இருந்த முனையை ஒட்டித்தான் வேர் அதிகம் வந்தது.

எந்தக் கிளை? நுனியில் இருக்கும் பச்சைக் கொப்பில் சேமிப்பு இல்லை. நன்றாகக் காய்த்த மரத்தில், மணிக்கட்டு கனத்தில், சுமார் ஒரு மீட்டர் நீளமான முற்றிய கிளையை எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நடலாம். காய்ப்பு முடிந்து, பூ இல்லாத சமயம் பார்த்து வெட்டுங்கள். குழி தோண்டாமல் கட்டையால் அடித்து இறக்கினால் அடிப்பட்டை உரிந்துவிடும்; வேர் வரவேண்டிய இடமே அதுதான்.

ஆக்ஸின் வகை ஹார்மோன் கலந்த வேர்விடும் பவுடர் முருங்கைக்கு அவசியமில்லை. அளவு மீறினால் வேரை வளரவிடாமலும் செய்யும். மாதுளை போன்றவற்றுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

இன்னொன்று, பி.கே.எம்-1 போன்ற செடிமுருங்கை ரகங்களை விதை போட்டே வளர்க்கலாம். போத்து நடுவது யாழ்ப்பாண முருங்கை மாதிரியான மரமுருங்கைக்கு. விதையில் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது, போத்தில் வரும். ஆனால் விதைக்கன்றுக்கு இருக்கும் ஆணிவேர் போத்துக்குக் கிடையாது. பெருங்காற்றில் சாயும். அதனால் மரத்தை உயரவிடாமல், காய்ப்பு முடிந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து தாழ்வாகவே வைத்திருங்கள்.

பூவரசு, கிளுவை, ஆல், அரசு எல்லாம் இதே வழியில் வரும். மாமரக் கிளையை இப்படி நட்டுக் காத்திருக்க வேண்டாம். முதிர்ந்த மாமரத்தின் கிளை லேசில் வேர்விடாது. அதற்கு ஒட்டுக்கன்று வாங்கிவிடுங்கள்.